மூன்றாவது கப்பல்

அப்பா,

தலைக்கு வைத்திருக்கும் பையிலிருந்து கரி வாசம் வருகிறது. அடுப்புக்கு மேலே, கூரைத் தகரத்துக்கும் மரத்துக்கும் நடுவில் நீங்கள் சொருகி வைத்த ஆல்பத்தின் வாசம். பள்ளிக்கூட மண்டபத்தில் நம் லயத்து வரிசை வீட்டு ஆட்கள் எல்லோரும் படுத்திருக்கிறார்கள். மழை விடவில்லை. போர்வைக்குள் போன் வெளிச்சத்தை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். எதையும் எழுதி வைக்காதே என்று சொல்லி வளர்த்த அம்மா பக்கத்திலேயே தூங்குகிறாள்.

லயத்துக்கு மேலே தேயிலை மலையில் நிலம் வெடித்திருக்கிறது. குடிக்கப் பிடிக்கும் பீலியில் தண்ணீர் செம்மண்ணாக வந்தது. நேற்று நம் வாசல் கதவு நிலையோடு சேரவே இல்லை. எவ்வளவு தள்ளியும் ஒரு விரல் இடைவெளி நின்றது. தோட்டத்து ஆபீஸ்காரர்கள் வந்து, விடிந்ததும் எல்லோரும் இறங்கிவிட வேண்டும், ஆமிக்காரர்கள் லொறி கொண்டுவந்து சாமான் ஏற்றித் தருவார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மலை சரியப்போகிறது என்றபோது அம்மா அடுப்பை ஊதிக்கொண்டே இருந்தாள். ஆமி என்றதும் முக்காலியில் ஏறி ஆல்பத்தை இறக்கினாள்.

"இத அடுப்புல போட்டுட்டுக் கெளம்புவோம்."

"அப்பா படம் இருக்கும்மா அதுல."

"அவரே இல்ல. படம் என்னாத்துக்கு?"

அப்படிச் சொன்னாளே தவிர, அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டுதான் நின்றாள். நீங்கள் இருக்கும் ஒரே படம் அந்தக் கல்யாணப் படம். ஆமி முகாமிலிருந்து திரும்பிய பிறகு உங்களை யாரும் படம் எடுக்க நீங்கள் விட்டதில்லை. அது ஒட்டியிருக்கும் தாளின் மறுபக்கத்தில் மூன்று போர்க்கப்பல்கள். கிழித்தால் எல்லாம் சேர்ந்து போகும்.

தைப்பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது மட்டும்தான் ஆல்பம் கீழே வரும். "வாசல சாத்து பாப்பா" என்பீர்கள். நான் உங்கள் இடப்பக்கம் வந்து உட்காருவேன். வலக் காது உங்களுக்குக் கேட்காது. உங்கள் தாத்தா தியத்தலாவையில், வெள்ளைக்கார மாலுமிகள் ஓய்வுக்கு வந்து தங்கிய முகாமில் சமையல்காரர். திரும்பிப் போகும்போது அவர்கள் தங்கள் கப்பல் படத்தைக் கொடுத்து, அடியில் இங்கிலீசில் ஏதோ எழுதிவிட்டுப் போனார்களாம். அந்தக் கதையைச் சொல்லும்போது உங்கள் விரல், படங்களின் கீழ் ஓரத்தைத் தடவும். அங்கே எழுத்து இல்லை. பிளேடால் வெட்டிய நேர்க்கோடுதான் இருக்கும்.

புலிகளோடு யுத்தம் நடந்த காலத்தில், ஆமிக்காரர்கள் லயத்தைச் சோதிக்க வருகிறார்கள் என்று கேள்விப்பட்ட அன்று நீங்கள்தான் வெட்டினீர்கள்.

"கப்பல் பேரையும் வருசத்தையும் வெட்டி அடுப்புல போட்ட ஒரே ஆளு இவருதான்" என்று அம்மா சுண்ணாம்பு வாளியைக் கலக்கிக்கொண்டே சொல்வாள்.

"அன்னைக்கி இங்கிலீசப் பாத்தாலே பயமா இருந்துச்சுடி. அதுல என்னா எழுதியிருந்துச்சுன்னு யாருக்குத் தெரியும்?"

எழுத்து இருந்திருந்தால் அவை பழைய வெள்ளைக்காரக் கப்பல்கள் என்று ஒரே நிமிடத்தில் தெரிந்திருக்கும். எழுத்தை வெட்டியதும் அவை ஒரு தமிழன் வீட்டில் ஒளித்து வைத்த பேரில்லாத போர்க்கப்பல்களாகிவிட்டன. எந்தக் கப்பல், எந்தத் துறைமுகம், யார் எடுத்துத் தந்தது என்று கேட்டார்கள். நீங்கள் தெரியாது என்றீர்கள். ஆமி முகாமுக்குக் கொண்டுபோய்க் காதில் அடித்து அடித்து அதையே கேட்டார்கள், அதையே சொன்னீர்கள். யாரோ ஒரு பெரிய அதிகாரி படங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு உங்களை அனுப்பினாராம். அவரும் பேரைச் சொல்லவில்லை. ஆல்பத்தோடும் ஒரு காதோடும் வீட்டுக்கு வந்தீர்கள்.

"கேட்டா சொல்றதுக்கு ஒரு பேரு இருக்கணும் பாப்பா. நீதான் கண்டுபுடிக்கணும்."

போனில் சிக்னல் கிடைக்கிற இடம் பசறை ரோட்டு வளைவு மட்டும்தான். அங்கே போய் நிற்போம். நீங்கள் குடை பிடிப்பீர்கள், ஆல்பம் தேயிலைக் கொழுந்துச் சாக்குக்குள் இருக்கும். ஏதாவது வாகனம் வந்தால் சாக்கை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பள்ளத்தாக்கைப் பார்ப்பீர்கள். மரக்கறி லொறிக்குக்கூட அப்படித்தான். முதல் படம் தட்டையான கப்பல். மேல்தளத்தில் விமானம் இறங்கலாம், ஒரு ஓரத்தில் மட்டும் கோபுரம். அது ஹெர்மிஸ், மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கியது. இரண்டாவதற்கு மூன்று புகைபோக்கிகள். கார்ன்வால், இல்லாவிட்டால் டோர்செட்ஷயர். இரண்டும் பார்க்க ஒரே மாதிரி, இரண்டும் ஒரே நாளில் இலங்கைக்குத் தெற்கே மூழ்கின. எல்லாம் உலக யுத்தத்தில் ஜப்பான்காரன் போட்ட குண்டு. நான் போனில் தேடி வாசிக்க வாசிக்க நீங்கள் இடக் காதைச் சாய்த்துக் கேட்டீர்கள்.

"அப்ப, கடலுக்கு அடியில கெடக்கறதுக்கா என்னயக் கேட்டாங்க?"

நான் மூன்றாவது படத்தைக் காட்டினேன். பாதி பனிமூட்டம்; ஒரு சுவரும் ஒரு புகைபோக்கியும் மட்டும் தெரியும்.

"இது நம்ம தேயில பெக்டரிதான். யாரோ அவுத்து விட்டுட்டாங்க, மெதக்குது" என்றீர்கள். அன்று சிரித்தோம். அதைக் கண்டுபிடிப்பதற்குள் போன வருடம் நெஞ்சுவலி வந்து நீங்கள் போய்விட்டீர்கள்.

இன்று காலையில் ஆல்பத்தை அம்மா எரிக்கவில்லை. சேலைக்குள் சுற்றி அரிசிச் சாக்கில் போட்டாள். சாக்கைத் தூக்கிய ஆமிக்காரர் சின்ன வயசுதான். ஈரத்தில் சாக்கின் அடி கிழிந்து எல்லாம் சேற்றில் விழுந்தது. அவர் ஆல்பத்தை எடுத்துத் துடைத்தார், திறந்தார். அம்மா என் தோளைப் பிடித்த பிடியில் நகம் பதிந்தது.

"இது என்ன கப்பல் நங்கி?" என்று, தங்கச்சியைக் கூப்பிடுகிற மாதிரி, சிங்களத்தில் கேட்டார்.

பள்ளிக்கூடத்துச் சிங்களத்தில் முதலாவதைச் சொன்னேன். இரண்டாவதையும் சொன்னேன், எங்கே மூழ்கின என்றும் சொன்னேன். என் குரல் எங்கோ தூரத்தில் கேட்டது. அவர் விரல் கீழே நகர்ந்தது.

"இது?"

ஏதாவது ஒரு பேரைச் சொல்லியிருக்கலாம் அப்பா. மேலே மலையில் கல் உருளும் சத்தம் கேட்டது, யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"தன்னே நே" என்றேன். தெரியாது. நீங்கள் சொன்ன அதே வார்த்தை.

அவர் கையை உயர்த்தினார். என் கை தானாக எழும்பி என் வலக் காதைப் பொத்திக்கொண்டது. என்னை யாரும் அப்படி அடித்ததே இல்லை. கை எப்படிப் போனதோ தெரியாது. அவர் லொறியின் மேலே கிடந்த பொலித்தீனை எட்டி எடுக்கத்தான் கையைத் தூக்கியிருந்தார். என்னைப் பார்த்ததும் அந்தக் கை அப்படியே நின்றது. பிறகு அதை மெதுவாக இறக்கி, ஆல்பத்தைப் பொலித்தீனில் சுற்றி, மழைத் தண்ணீர் போகாமல் ஓரங்களை மடித்து என்னிடம் தந்தார். அடுத்த வீட்டுச் சாமானைத் தூக்கப் போய்விட்டார்.

லொறியில் அம்மா கேட்டாள்: "தெரியாதுன்னா சொன்ன?"

"ஆமா."

"சொல்லிட்டு, இங்கதான் இருக்க?"

"இங்கதாம்மா இருக்கேன்."

பள்ளிக்கூடம் வரும்வரை அவள் என் கையை விடவில்லை.

உங்களுக்கு அந்த வார்த்தையால் ஒரு காது போனது. எனக்கு ஒரு பொலித்தீன் உறை கிடைத்தது. ஆனாலும் பயம் போகவில்லை அப்பா. லயம் நிற்கிறதா என்று யாரும் சொல்லவில்லை. வராந்தாவில் காவலுக்கு நிற்பவரின் பூட்ஸ் சத்தம் போய்ப் போய் வருகிறது. ஒவ்வொரு தடவையும் வெளிச்சத்தை அணைத்துவிட்டு, தாண்டிப் போன பிறகு மறுபடி எழுதுகிறேன்.

இதோ, திரும்ப வருகிறது. அணைக்கிறேன். ஆல்பத்தின்மேல் தலையை வைத்து, வலக் காது அடியில் போகும்படி ஒருக்களித்துப் படுத்துக்கொள்கிறேன்.