வேண்டாம் என்று அழுத்தியது யார்

ஜூலை 7, திங்கள்

விடிந்ததிலிருந்து சாரல். துவைத்த வேட்டி காயவில்லை. காஸ் புக் பண்ண வேண்டும்.

குளித்துவிட்டு வந்து உட்கார்ந்ததும் சுரண்டையிலிருந்து போன். மகள் மீனாவுக்குப் பார்த்து வைத்திருக்கும் பையனின் அப்பா. உரக்கடைக்காரர். மரியாதையான ஆள், கோபத்தை அடக்கிக்கொண்டு பேசினார்.

"அண்ணாச்சி, போன வாரம் நீங்களாத்தான் விருப்பம்னு அனுப்புனீங்க. இன்னைக்கு நீங்களே விருப்பமில்லன்னு அனுப்பியிருக்கீங்க. எங்க பையன்ட்ட என்ன குறை கண்டீங்க?"

நான் அனுப்பவே இல்லை. வரன் தேடுகிற அந்த இணையதளத்தைத் திறந்து பார்த்தால், போயிருப்பது என் கணக்கிலிருந்துதான். இதற்கு முன் வந்த இரண்டு நல்ல இடங்களுக்கும் இதே பதில். எல்லாமே காலை நேரம். நான் குற்றாலத்தில் குளித்துக்கொண்டிருக்கும் நேரம்.

ஆக, யாரோ உள்ளே வருகிறான். என் நடமாட்டம் தெரிந்தவன். போலீசில் வயர்லெஸ் பிரிவிலேயே காலம் தள்ளி ரிட்டயர் ஆனவன் கணக்கில். வெட்கக்கேடு.

வீட்டுக்காரியிடம் சொன்னேன். "நீங்களே கை தவறி அழுத்தியிருப்பீங்க" என்றாள். ஒவ்வொரு தடவையுமா கை தவறும்? சட்டியிலிருந்து கண்ணை எடுக்காமலே பதில் சொன்னாள். அதுவும் சரியாகப் படவில்லை.

சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து பாஸ்வேர்டை மாற்றினேன். மீனா பெயர், பின்னால் என் பழைய போலீஸ் நம்பர். இனி வரட்டும் பார்ப்போம்.

ஜூலை 8, செவ்வாய்

லேசான வெயில். வேட்டி காய்ந்தது.

சந்தேக நபர்கள்:

1. காதர். பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறவன். கணக்கைத் தொடங்கிக் கொடுத்ததே அவன்தான். தென்காசியில் பாதிப் பேருக்குப் பெயரும் 123-ம்தான் பாஸ்வேர்டாகப் போட்டுக் கொடுத்திருக்கிறான்.

2. சண்முகம். தினமும் என்னோடு குளிக்க வருகிற சிநேகிதன். வாசுதேவநல்லூரில் இருக்கும் அண்ணன் மகனுக்கு மீனாவைக் கேட்டான், நான் பிடி கொடுக்கவில்லை. மற்ற இடங்கள் தட்டிப்போனால் யாருக்கு லாபம்? காலையில் என்னோடுதான் இருக்கிறான், வாஸ்தவம். ஆனால் அவன் குளிப்பது கொஞ்சம், எண்ணெய் ஊற உட்கார்ந்து போனை நோண்டுவதுதான் அதிகம்.

3. வீட்டுக்காரி. எழுதிவிட்டு அடித்தேன். அடித்ததை மறுபடியும் எழுதியிருக்கிறேன்.

மீனா பாவம். காலையிலேயே ஆஸ்பத்திரி லேபுக்கு ஓடுகிறாள். தன் வாழ்க்கையில் எவனோ விளையாடுவதுகூடத் தெரியாது.

காதரைப் போய்ப் பார்த்தேன். "பாஸ்வேர்டத்தான் மாத்திட்டீங்கள்லா அண்ணாச்சி. பழசை வச்சு நான் என்ன செய்ய? டீ குடிங்க" என்றான். நியாயமான பேச்சு. இவ்வளவு நியாயமாகப் பேசுகிறவனை நம்பக் கூடாது. டீ நன்றாக இருந்தது.

சாயங்காலம் பண்பொழியிலிருந்து ஒரு வரன் விருப்பம் அனுப்பியிருக்கிறது. ஆசிரியர். காலையில் யோசித்துப் பதில் போட வேண்டும்.

ஜூலை 9, புதன்

பண்பொழிக்கும் 'விருப்பமில்லை' போய்விட்டது. புதுப் பாஸ்வேர்டு போட்ட பிறகும். காதர் விடுதலை.

என் போனைத் திறந்து பார்த்து விஷயம் தெரிந்தது குற்றாலம் ஐந்தருவியில், தலை நிறைய எண்ணெயோடு உட்கார்ந்திருக்கும்போது. பக்கத்தில் சண்முகம், கையில் போன். பொறுக்க முடியவில்லை. "உம்ம போனைக் காட்டும்" என்றேன்.

சண்முகம் என்னை ஒரு மாதிரி பார்த்தான். போனை நீட்டினான். முழுக்க அருவிப் படம். நான் சந்தேகத்தைச் சொன்னதும் எழுந்துவிட்டான்.

"பாஸ்வேர்டைத் திருட வேற செய்யணுமாக்கும்? நீரு அதை டைப் அடிக்கும்போது ஒவ்வொரு எழுத்தா வாய்விட்டுச் சொல்லுதீரே வே. வயர்லெஸ்ல மெசேஜ் குடுக்குத மாதிரி. திங்கக்கிழமை உம்ம வாசல்ல செருப்பக் கழட்டும்போதே கேட்டுச்சு. மீனா, அப்புறம் உம்ம போலீஸ் நம்பர். சரிதான?"

சரிதான்.

"இத்தன வருஷம் கூடக் குளிச்சவன்ட்ட கேக்குத கேள்வியா இது?" என்று சொல்லிவிட்டு இடுப்புத் துண்டோடு பஸ் ஏறிப் போனான். எண்ணெயைக்கூடக் கழுவவில்லை. அவமானமாக இருக்கிறது.

வீட்டில் கேட்டேன், நான் வாய்விட்டா சொல்கிறேன் என்று.

"ஆமா. பேங்குது, கரண்ட் ஆபீசுது, எல்லாத்தையுந்தான் ஒப்பிக்கீங்க. எங்களுக்குக் கேட்டுக் கேட்டுப் பழகிப்போச்சு."

எங்களுக்கு என்றாள்.

சாப்பிட்ட பிறகு பாஸ்வேர்டை மறுபடி மாற்றினேன். வாயில் ஒரு முழு ரம்புட்டான் பழத்தைப் போட்டுக்கொண்டு. உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. புதுசு என்னவென்று இங்கேயும் எழுதப் போவதில்லை.

ஜூலை 11, வெள்ளி

நல்ல மழை. அருவியில் குளிக்கத் தடை. சண்முகம் போன் எடுக்கவில்லை.

எவருக்கும் 'விருப்பமில்லை' போகவில்லை. பூட்டு பிடித்துவிட்டது. சுரண்டைக்காரருக்கு நானே போன் போட்டு, கணக்கு திருட்டுப்போய்விட்டது, மன்னிக்கணும் என்றேன். பெரிய மனசு. ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள். மூன்று கிலோ ரவை வாங்கணுமா என்று வீட்டுக்காரியிடம் கேட்டேன். அவள் மீனாவின் அறைப்பக்கம் பார்த்தாள்.

மீனா வேலை முடிந்து வந்தாள். குடையை மடக்கினாள்.

"பாஸ்வேர்ட மாத்திட்டீங்களாப்பா?"

பால் வந்துவிட்டதா என்று கேட்கிற குரல்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"காலையில லேப்ல இருந்து போட்டுப் பாத்தேன். திறக்கல."

எத்தனையோ வாக்குமூலம் கேட்டிருக்கிறேன். யாரும் இப்படி ஒப்புக்கொண்டதில்லை. சந்தேக நபர் பட்டியலில் இவள் பெயரே இல்லை.

"ஏம்மா இப்படிச் செஞ்ச?"

"பொங்கல் கழிச்சு உங்ககிட்ட சொன்னேன்லாப்பா. இப்ப வேண்டாம், மேல படிக்கேன்னு. சரி சரி, பாப்போம்னீங்க. அம்மாட்ட சொன்னா, அப்பாட்ட சொல்லுன்னு சொல்லுதா. அந்த சைட்ல வேண்டாம்னு அழுத்துனா உடனே போயிருது. யாரும் பாப்போம்னு சொல்லல."

அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நான் வேண்டாம்னு சொல்லி நடந்த இடம் அது ஒண்ணுதான். அதையும் பூட்டிட்டீங்க."

பொங்கல் கழித்துச் சொன்னாளா? சொல்லியிருப்பாள். எனக்கு நினைவில்லை. அவளை நம்பாமல் இல்லை, என்னைத்தான் நம்ப முடியவில்லை.

ஜூலை 12, சனி

மழை விட்டிருக்கிறது. ரவை வாங்கவில்லை.

சுரண்டைக்காரருக்குப் போன்.

"நாளைக்கு வர வேண்டாம் அண்ணாச்சி."

"மறுபடியும் கணக்கு திருட்டுப் போயிட்டா?"

"திருட்டே இல்ல. அன்னைக்கு வேண்டாம்னு அனுப்புனது எம் மகதான். அவ சொன்னது சரி. நான்தான் கேக்கல."

லைன் இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது.