சிவப்புக் கோடு விழாத அறிவிப்பு

இன்று காலை எங்கள் தெருவின் தண்ணீர்த் தொட்டி கழுவுவது பற்றிக் கணினியில் ஓர் அறிவிப்பு தட்டினேன். தப்பான சொல்லுக்கு அடியில் சிவப்புக் கோடு போட்டுக் காட்டும் வசதி அதில் உண்டு. "ஒரு கோடுகூட இல்லப்பா, அனுப்பிரலாம்" என்றாள் மகள். அந்தச் சுத்தமான திரையைப் பார்த்ததும் உன் நினைவு வந்துவிட்டது. நம் காலத்தில் அந்தச் சிவப்புக் கோடு நீதானே!

எழுபதுகளில், பள்ளிவாசல் என்ற மலையூருக்கு மேலே இருந்த தேயிலை எஸ்டேட்டில் நீ ஆபீஸ் கிளார்க், நான் பூச்சிமருந்து ஸ்டோரில். நீ எழுதிய தாளில் ஒரு புள்ளி இடம் மாறாது. என் எழுத்தில் ஒற்று எங்கே வரும் என்று எனக்கே தெரியாது. நான் அனுப்பும் சீட்டை ஆபீஸே கேட்கும்படி உரக்கப் படித்துச் சிரிப்பாய். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சாயங்காலம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடிப்போம், அது வேறு.

ஒருநாள் தேயிலைக்கு மருந்து அடித்தார்கள். அறிவிப்பு உன் கைவண்ணம். "ஒன்பதாம் எண் தேயிலைக் காட்டில் பூச்சிமருந்து தெளிக்கப்படுவதால், அதை ஒட்டி ஓடும் ஓடையின் நீரைத் தொழிலாளர்கள் பருக வேண்டாம்." கொழுந்தெடுக்கும் பெண்களுக்குக் காலையிலேயே வாசித்தும் காட்டியிருந்தாய். அவர்களும் தலையாட்டிவிட்டுப் போயிருந்தார்கள். கிளார்க்கிடம் யார் எதிர்க்கேள்வி கேட்பது? மதியம் ஆபீஸுக்கு வந்த நான்தான் கேட்டேன்.

"ஏலே, ஒம்பதாம் நம்பர் எந்தக் காடுன்னு அவுகளுக்குத் தெரியுமா?"

"மேப்புல இருக்குல்லா."

"மேப்பு ஆபீஸ்லலா தொங்குது. அவுகளுக்கு அது ஈட்டிமரக் காடு. அந்தப் பேரு இதுல எங்க இருக்கு?"

நீ தாளை மறுபடி படித்தாய். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாய். சாப்பாட்டு நேரம், பெண்கள் பாலில்லாத கட்டன்சாயா போட அந்த ஓடையில்தான் தண்ணீர் பிடிப்பார்கள்.

செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினாய், நானும் பின்னாலேயே ஓடிவந்தேன். நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கும் ஆள் நீ, விழுந்து எழுந்து சரிவில் இறங்கினாய். "ஈட்டிமர ஓட! தண்ணியக் குடிக்காதீக! மருந்துத் தண்ணி!" என்று தொண்டை கிழியக் கத்தினாய். அடுப்பில் கொதித்த சட்டியைக் காலால் எட்டி உதைத்தாய்.

"கிளார்க்கய்யாவுக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு?" என்றாள் ஒரு அக்கா.

"யாரும் குடிக்கலல்லா? சொல்லுங்கக்கா, குடிக்கலல்லா?"

யாரும் குடித்திருக்கவில்லை. அங்கேயே சேற்றில் உட்கார்ந்து அழுதாய். எனக்கு உன்மேல் அவ்வளவு பிரியம் வந்தது அன்றைக்குத்தான்.

பிறகு எதை எழுதினாலும் ஸ்டோருக்குக் கொண்டுவந்து வாசிப்பாய். "நீ படிக்காண்டாம், கேளு. வெளங்கலேன்னா கேள்வி கேளு" என்பாய். நான் கேட்பேன், நீ முறைப்பாய், முறைத்துக்கொண்டே மாற்றுவாய்.

இன்றும் மகளை உட்காரவைத்து வாசித்தேன். "எந்தத் தொட்டிப்பா? நம்ம தெருவுல ரெண்டு இருக்கே" என்றாள். திரையில் அப்போதும் கோடு இல்லை. எழுதாமல் விட்ட சொல்லுக்கு அது எப்படிக் கோடு போடும்? அதற்கு ஓர் ஆள் எதிரே இருக்க வேண்டும்.

நீ கண்ணை மூடிய அன்று வந்தவர்கள் எல்லாம் உன் கையெழுத்தைத்தான் புகழ்ந்தார்கள். என்னிடம் இருப்பது சரிவில் நீ போட்ட அந்தக் கூச்சல். அதைக் கேட்ட ஒருத்திகூட எந்த ஓடை என்று கேட்கவில்லை.