முன்கூட்டியே போட்ட டிக்

மார்ச் 4
இன்று முப்பத்தெட்டுப் பேர். உள்ளே பல் டாக்டர் பல்லைப் பிடுங்குகிறார், வெளியே இவர்கள் என் உயிரை எடுக்கிறார்கள். படிவம் நிரப்பும்போது "ஏதாவது மருந்து ஒத்துக்காதா?" என்று கேட்டால் போதும், தக்காளி தின்றால் அரிப்பது வரை புராணம். ஒருவருக்கு மாமியார் சமையல் ஒத்துக்காதாம். பெரிய சிரிப்பு.

மார்ச் 5
வழி கண்டுபிடித்துவிட்டேன். காலையிலேயே ஐம்பது படிவத்திலும் அந்தக் கேள்விக்கு 'இல்லை'யில் டிக் போட்டு அடுக்கிவிட்டேன். கூட்டம் மளமளவென்று நகர்ந்தது. இனி தினமும் இதுதான். மூளை இருந்தால் இப்படித்தான் வேலை செய்ய வேண்டும்.

மார்ச் 11
அக்கா வந்தாள். கன்னம் வீங்கியும் வாய் ஓயவில்லை. "சின்ன வயசுல எனக்கு ஒரு ஊசி போட்டாங்கல்ல..."
"அக்கா, பின்னாடி ஆள் நிக்குது. கதையை வீட்ல வச்சுக்கோ."
டாக்டர் படிவத்தைப் பார்த்துவிட்டு அமாக்சிசிலின் எழுதினார்.

மார்ச் 12
காலையில் ஒரே ஒரு மாத்திரைதான் போட்டாளாம். அத்தான் போனில் கத்துகிறார். உடம்பெல்லாம் தடிப்பு, உதடு வீங்கி, மூச்சு விட முடியலையாம். ஐயோ, அக்கா.

மார்ச் 13
பிழைத்துவிட்டாள். அந்தப் பழைய ஊசி பென்சிலினாம், அப்போதும் தடித்ததாம். அம்மா சொன்னாள். அக்காவைப் பேச விட்டிருந்தால் அரை நிமிடத்தில் தெரிந்திருக்கும். அமாக்சிசிலினும் அதே வகை.

டாக்டர் படிவத்தோடு ஆஸ்பத்திரிக்கே வந்தார். "இதைக் கேட்டுத்தானே எழுதினே?"
நான் வாயைத் திறப்பதற்குள் — திறந்திருப்பேனா? — கட்டிலில் படுத்தபடி அக்கா சொன்னாள்: "அவ கேட்டுத்தான் எழுதினா, டாக்டர். நான்தான் ஒண்ணும் இல்லைன்னேன்."
டாக்டர் அவளை மடச்சியைப் பார்ப்பதுபோல் பார்த்தார். நான் பேசாமல் நின்றேன். நானெல்லாம் ஒரு மனுஷி.

மார்ச் 14
இன்றும் சொல்லவில்லை.

மார்ச் 17
சொல்லிவிட்டேன். டிக் போட்டு வைத்த மிச்சப் படிவங்களையும் டாக்டரின் மேஜையில் வைத்தேன். அவர் கத்தவில்லை. "உன்னை வேலையை விட்டு அனுப்புறது அப்புறம். முதல்ல அத்தனை பேருக்கும் போன் பண்ணிக் கேளு."
இருநூற்றுப் பதினாறு பேர்.

மார்ச் 18
ஐந்தாவது போன் ஒரு தையல்காரருக்கு. "பென்சிலின் எனக்கு ஆகாதுங்க. மருந்துக் கடையில கேட்டுட்டு அந்த மாத்திரையைத் திருப்பிக் குடுத்துட்டேன்."
"எங்ககிட்ட சொல்லியிருக்கலாமே."
"நீங்க எங்க கேட்டீங்க?"
அவர் படிவத்தைத் திருத்தி, சிவப்பு மையில் பென்சிலின் என்று எழுதினேன். அடுத்த எண்ணை அழுத்தினேன்.