உலோகம் என்று சொன்னவர் மீது நடவடிக்கை கோரி

அனுப்புநர்
த. சாரதாமணி,
க/பெ தண்டாயுதபாணி,
வேலம்பாளையம், திருப்பூர்.

பெறுநர்
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
திருப்பூர்.

பொருள்: தடுப்பூசியில் சேர்க்கும் அலுமினிய உப்பை விஷம் என்று பரப்பி, என் மகளுக்கு ஊசி போடவிடாமல் தடுத்து, அவள் தொண்டை அடைப்பான் நோயில் இறக்கக் காரணமான தீனதயாளன் மீது நடவடிக்கை கோருவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்களுக்கு ஒரே மகள், அனுப்ரியா. ஒன்றாம் வகுப்பு படித்தாள். கடந்த புரட்டாசியில் இறந்துவிட்டாள். மேற்படி தீனதயாளன் என் கணவருக்கு உடன்பிறந்த அண்ணன். அருள்புரத்தில் பனியன் கம்பெனியும் அதன் மாடியில் 'இயற்கை நலக்கூடம்' என்ற நிலையமும் நடத்துகிறார். அப்போது நாங்கள் குடியிருந்தது அவருடைய லைன் வீட்டில். நானும் என் கணவரும் வேலை செய்தது அவருடைய கம்பெனியில். அவர் சொல்லை எங்கள் வீட்டில் யாரும் தாண்டியதில்லை.

2. குழந்தைக்கு ஒன்றரை மாதத்தில் முதல் தடுப்பூசி போட்டேன். தொடையில் கொட்டைப்பாக்கு அளவுக்கு ஒரு கட்டி நின்றது. சுகாதார நிலையச் செவிலியர் நதியா அவர்களிடம் காட்டினேன். "மருந்து நல்லா வேலை செய்யறதுக்குக் கொஞ்சம் அலுமினிய உப்பு சேர்ப்பாங்க. அதனால சில புள்ளைங்களுக்கு இப்படி நிக்கும், தானா கரைஞ்சுருமுங்க. அடுத்த ஊசிய மட்டும் உட்றாதீங்க" என்றார். அவர் சொன்னபடியே கட்டி கரைந்தது.

3. கரைவதற்குள் தீனதயாளன் அதைப் பார்த்துவிட்டார். என் கணவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, "உன்ற புள்ள தொடையில நிக்கறது அலுமினியம்டா. நாளைக்கு அது மூளைக்கு ஏறுனா யாரு பதில் சொல்றது?" என்று கேட்டார். என் கணவர் பயந்துவிட்டார். அடுத்த தவணைக்கு நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு சுகாதார நிலையம் வரை போனேன். என் கணவர் பின்னாலேயே வந்து, வரிசையில் நின்ற என்னிடமிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டு, வண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். பிறகும் ஒருமுறை போய், ஊசி போடும் நாளைக் கேட்டுவந்தேன். அன்று மாலையே, ஊசி போட்டால் வீட்டைக் காலி செய்யவேண்டும், கம்பெனிக்கும் வரவேண்டாம் என்று தீனதயாளன் சொல்லி அனுப்பினார்.

4. கடந்த புரட்டாசியில் மகளுக்குக் காய்ச்சல் வந்தது. எச்சில் விழுங்க முடியவில்லை. கழுத்து இருபுறமும் வீங்கியது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று நான் சொன்னபோது தீனதயாளன் வந்து பார்த்து, "மொத ஊசியில போன உலோகம் இப்பத்தான் வெளிய வருது அம்முணி. பயப்படாதீங்க" என்றார். உலோகத்தை முறிக்கும் கஷாயம் என்று ஒன்றைக் கொடுத்தனுப்பினார். புளியும் எலுமிச்சையும் சேர்த்து அவர் நிலையத்தில் காய்ச்சுவது. அதைக் காய்ச்சும் அண்டா எதனால் செய்தது என்று தாங்கள் அதிகாரிகளை அனுப்பிப் பார்க்கவேண்டும். அது அலுமினிய அண்டா. நானே அதைத் துலக்கியிருக்கிறேன்.

5. மகளுக்கு மூச்சு இரைக்கத் தொடங்கியதும் நான் யாரையும் கேட்கவில்லை. ஆட்டோ பிடித்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன். தொண்டைக்குள் சாம்பல் நிறத்தில் ஏடு படிந்திருப்பதைப் பார்த்த மருத்துவர், எத்தனை தவணை ஊசி போட்டீர்கள் என்று முதலில் கேட்டார். ஒன்று என்றேன். அவர் உடனே ஆம்புலன்சுக்குச் சொன்னார். கோயமுத்தூருக்கு அனுப்பி எதிர்விஷ மருந்தும் கொடுத்தார்கள். அதற்குள் கிருமியின் விஷம் இதயத்துக்குப் போய்விட்டது. கடைசியாக அவள் என்னிடம் தண்ணீர் கேட்டாள். கொடுத்தேன், மூக்கு வழியே வந்துவிட்டது.

6. அந்த மருத்துவரிடம் பின்னர் நான் அலுமினியத்தைப் பற்றியே கேட்டேன். வலி, வீக்கம், சிலருக்குக் கட்டி, இவை வருவது உண்மை என்றார். அதை யாரும் மறைக்கவில்லை. ஊசியில் சேரும் அளவு மிகக் குறைவு என்றும், சோற்றிலும் தண்ணீரிலும் தாய்ப்பாலிலும்கூட அந்த உலோகம் சிறிது உண்டு என்றும், உடம்பு அதைச் சிறுகச்சிறுக வெளியேற்றிவிடும் என்றும், பல தலைமுறைக் குழந்தைகளுக்குப் போட்டுப் பார்த்த மருந்து இது என்றும் பொறுமையாகச் சொன்னார். சந்தேகம் கேட்பது குற்றமல்ல, ஐயா. நானும் கேட்டேன், விடை கிடைத்தது. தீனதயாளன் கேட்கவில்லை. அந்தச் சந்தேகத்தை விற்றார்.

7. பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த அவருடைய மனைவி, அடுப்படியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்கூட்டுல பேரன் பேத்தி எல்லாத்துக்கும் தவறாம போட்டாச்சு சாரதா. அவரு வெளிய பேசறது வேற" என்று அழுதார். அந்தக் கணம் வரை எனக்கிருந்தது துக்கம் மட்டும்தான். தீனதயாளன் அறியாமையால் செய்தார் என்று நினைத்து ஆறியிருப்பேன். அவர் அறிந்தே செய்தார்.

8. ஐப்பசியில் அருள்புரத்தில் ஒரு மண்டபத்தில் 'ஊசியில்லா வாழ்வு' என்று கூட்டம் போட்டார். நான் போனேன். அவர் மைக்கில் உலோகம் என்ற சொல்லை எடுத்ததும் எழுந்து நின்று, "உங்க பேரனுக்கு எத்தன ஊசி போட்டீங்க, சொல்லுங்க" என்று கேட்டேன். அவர் என்னைப் பார்க்காமல் பேச்சைத் தொடர்ந்தார். என் மகளின் படத்தை வரிசை வரிசையாகக் காட்டிக்கொண்டு போனேன். கைக்குழந்தையோடு வந்திருந்த பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து வெளியேறினார்கள். அவர்களில் பலர் மறுநாளே குழந்தைகளுக்கு ஊசி போட வந்ததாகச் செவிலியர் சொன்னார். தீனதயாளன் அன்று மேடையில் காலி நாற்காலிகளைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார். மகள் போனபிறகு அன்றுதான் நான் வயிறாரச் சாப்பிட்டேன்.

9. இப்போது அவர், கூட்டத்தில் கலகம் செய்து தொழிலைக் கெடுத்தேன் என்று என் மீது காவல் நிலையத்தில் புகார் கொடுத்திருக்கிறார். சொந்தக்காரர்கள் கோயிலில் வைத்துச் சமாதானம் பேசலாம் என்கிறார்கள். நான் சம்மதிக்கவில்லை. வீட்டையும் வேலையையும் விட்டு வெளியே வந்துவிட்டோம். இனி அவர் எங்களிடமிருந்து எடுக்க எதுவும் இல்லை. என் கணவரை நான் மன்னிக்கவில்லை. ஆனாலும் அண்ணனுக்கு எதிராகச் சாட்சி சொல்ல அவர் ஒப்புக்கொண்டு, இந்த மனுவில் கையொப்பமும் இட்டிருக்கிறார்.

10. ஆகவே, தீனதயாளன் மீது உரிய சட்டப் பிரிவுகளில் வழக்குப் பதியவும், அவரது நிலையத்தைப் பூட்டி முத்திரையிடவும், அந்தக் கஷாயத்தைப் பரிசோதனைக்கு அனுப்பவும் உத்தரவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். எங்கள் வீதியில் நின்று, பொய் சொன்னேன் என்று அவர் தன் வாயால் சொல்லவேண்டும். நட்டஈடு எனக்கு வேண்டாம். அவருக்கு வயதாகிவிட்டது, மரியாதைப்பட்ட குடும்பம் என்று யாரேனும் தங்களிடம் பரிந்து வந்தால், என் மகளுக்கு ஆறு வயது என்பதைத் தாங்கள் நினைவில் கொள்ளவேண்டும்.

11. என் மீதான புகாரில் அவர் சொல்லியிருப்பது உண்மை. மண்டபத்துக்குப் போனேன், கூட்டத்தைக் கலைத்தேன். மறுக்கவில்லை. வருகிற மாதம் பல்லடத்தில் அடுத்த கூட்டம் என்று நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். அதற்குமுன் தாங்கள் அவரை நிறுத்தாவிட்டால், அங்கேயும் முதல் வரிசையில் நான் உட்கார்ந்திருப்பேன் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

இடம்: திருப்பூர்
நாள்: 17.11.2025

இப்படிக்கு,
த. சாரதாமணி
(அனுப்ரியாவின் தாய்)

சாட்சி: தண்டாயுதபாணி