யோகண்ணையின் வாக்கு

வியாழன், சித்திரை 29

காலையிலிருந்து தூறல். உடுப்பு காயவில்லை. மத்தியானம் யோகண்ணையைப் பார்க்கப் போனேன். இடுப்பு ஒபரேஷனுக்குப் பிறகு நடை இன்னும் சரியில்லை. மகள் சுதா வேலையில். ஊன்றுகோலோடு வந்து அவரே கதவைத் திறந்தார்.

ஞாயிறு பிரான்ஸ் ஜனாதிபதித் தேர்தல், கடைசிச் சுற்று. பாரிஸை விட்டுச் சிட்னி நோர்த்மீட்டுக்கு வந்து இவ்வளவு காலமாகியும் எங்களிடம் பிரெஞ்சுப் பாஸ்போர்ட் இருக்கிறது. இங்கேயே வாக்குப் போடலாம். அவரால் வரிசையில் நிற்க முடியாது. தன் வாக்கையும் நானே போட முறைப்படி பதிந்து தந்திருக்கிறார். யாருக்கு என்று இன்றுதான் சொன்னார்.

"அவருக்குத்தான், பிள்ளை."

அவனுக்கு. வெளிநாட்டவரைத் துரத்துவேன் என்று சொல்லியே அரசியலில் வளர்ந்தவனுக்கு.

"அண்ணை, அவன் எங்களையெல்லே கலைக்க நிக்கிறான்."

"எங்களை இல்லை. இப்ப வாறவங்களை."

"நாங்களும் அப்பிடித்தானே வந்தனாங்கள்."

சுவரில் இருந்த படத்தை ஊன்றுகோலால் காட்டினார். "பாரிஸ் கலவரத்தில என்ர கடை எரிஞ்ச அடுத்த நாள் ஆர் வந்தது? மேயர் வந்தவரோ? இந்த மனுசன்தான் வந்தது. சாம்பலுக்குள்ள நிண்டு என்ர கையைப் பிடிச்சவர். முசியே எண்டு மரியாதையாக் கூப்பிட்டவர்."

அந்தப் படத்தை அவரிடம் கேட்காமலே அவன் ஆட்கள் தேர்தல் சுவரொட்டியில் போட்டார்கள். அவர் அதைச் சட்டம் போட்டு வைத்திருக்கிறார்.

"போடுவாய்தானே?"

"ஓம் அண்ணை."

வரும் வழியில் பால் வாங்க மறந்துவிட்டேன்.

வெள்ளி, சித்திரை 30

வேலையில் மனம் இல்லை. இடைவேளையில் ஃபோனில் அவனைப் பற்றியே வாசிப்பு. முதலில் வக்கீல். பிறகு தெற்கில் ஒரு சிறு நகரத்து மேயர். அகதிகளுக்குச் சூப் கொடுத்த இடத்தை மூடியது முதல் வேலை. பிறகு நாடாளுமன்றம். வளர்த்துவிட்ட தலைவரையே கட்சியை விட்டுத் தள்ளினான். அகதிகளைக் கேவலமாகப் பேசியதற்கு இரண்டு முறை நீதிமன்றத்தில் தண்டம். இரண்டு முறையும் வாசற்படியில் நின்று அதையே திரும்பச் சொன்னான். எங்களைப் போலக் குடியுரிமை வாங்கிய காகிதப் பிரெஞ்சுக்காரர் தேர்தலில் கள்ளம் செய்கிறார்கள் என்பது அவனுடைய பழைய பாட்டு.

விசா இல்லாமல் பாரிஸில் நான் நின்ற காலத்தில் யோகண்ணை வீட்டுக் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில்தான் படுக்கை. ஒரு நாள்கூட முகம் சுளித்ததில்லை. அவரிடம் எப்படி மாட்டேன் என்பது?

ஞாயிறு, வைகாசி 2

வெயில், குளிர்காற்று. ரெயினில் வாக்குச்சாவடிக்குப் போனேன். வரிசை நீளம். எல்லாரும் வெள்ளைக்காரர். முன்னால் நின்ற பெண் என்னிடம் ஆங்கிலத்தில், "இது பிரெஞ்சுக்காரருக்கான வரிசை." பிரெஞ்சில் பதில் சொன்னேன். சிவந்துபோனாள்.

முதலில் என் வாக்கு. பிறகு அவருடையது. இரண்டு வேட்பாளருக்கும் தனித்தனித் தாள், ஓர் உறை. திரைக்குப் பின்னால் அவன் பெயர் இருந்த தாளை உறைக்குள் வைத்தேன். எடுத்தேன். திரும்ப வைத்தேன். வெளியே யாரோ இருமினார்கள். எடுத்துக் கசக்கிப் பையில் போட்டுவிட்டு மற்றத் தாளை வைத்து மூடினேன்.

உறை பெட்டியில் விழுந்ததும் அதிகாரி யோகேஸ்வரன் என்ற பெயரை மூன்று துண்டாக உடைத்து வாசித்து, "வாக்களித்தார்" என்று உரக்கச் சொன்னார்.

நாங்கள் தேர்தலில் கள்ளம் செய்கிறோம் என்று அவன் சொன்னபோதெல்லாம் பொய் என்று கத்தியிருக்கிறேன். இன்று நானே உண்மையாக்கிவிட்டேன்.

திங்கள், வைகாசி 3

தோற்றுவிட்டான். கிட்டவும் வரவில்லை. நான் செய்தது ஒன்றுக்கும் தேவைப்படவில்லை.

யோகண்ணை ஃபோன் எடுத்தார். "பரவாயில்லை. உனக்குப் பிடிக்காமலும் எனக்காகப் போட்டாய். அது போதும்."

"ஓம்" என்றேன். நன்றாகவே வாயில் வருகிறது இந்த ஓம்.

புதன், வைகாசி 5

சுதாவிடம் ரோல்ஸ் கொடுத்தனுப்பியிருக்கிறார். தின்னாமல் மூடி வைத்துவிட்டேன், முதலில் அவரிடம் சொல்ல வேண்டும்.

சனி, வைகாசி 8

மழை. போனேன். சுதா குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள். கதிரையில் இருக்காமல் நின்றபடியே சொன்னேன்.

"அண்ணை, உங்கட வோட்டை நான் மாத்திப் போட்டனான்."

டிவியை நிறுத்தினார். கோபப்படுவார் என்று பார்த்தேன். இல்லை.

"சுதாவிட்டயும் பிரெஞ்சுப் பாஸ்போர்ட் இருக்கு. அவள் மாத்திப் போடுவாள் எண்டுதான் உன்னட்டத் தந்தனான்," என்றார், அவளுக்குக் கேட்காத குரலில்.

மன்னிப்புக் கேட்டேன். தலையை ஆட்டினார், ஏற்றுக்கொண்டாரா, வேண்டாம் என்றாரா, தெரியவில்லை. தேத்தண்ணி வந்தது. குடித்தேன். சுதா வீட்டு வாடகை பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

எழுந்தேன். "போட்டு வாறன் அண்ணை."

"போ," என்றார்.