கழற்ற முடியாத வளையல்கள்

மார்ச் 4, 2025
கேரன் சொல்லிவிட்டாள். என் மகளுக்கு நாற்பத்து மூன்று வயதில் முதல் பிள்ளை. முகத்தை மகிழ்ச்சியாக வைத்துக்கொண்டேன். அவள் போனபின் கழுவிய கோப்பையையே மறுபடியும் கழுவினேன்.

ஏப்ரல் 12
டாக்டர் மறைக்கவில்லை. இந்த வயதில் ரத்தக்கொதிப்பு வரலாம், இனிப்புநீர் என்கிற சர்க்கரை வியாதி வரலாம், பிள்ளை முந்திப் பிறக்கலாம், பிள்ளைக்கே குறை இருக்கலாம்.
காரில் கேரன், "மூஞ்சிய அப்படி வைக்காதீங்க லா மம்மி. நான் என்ன செத்தா போயிட்டேன்?"
ஈப்போவில் வீடு வரும்வரை மூஞ்சியை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

ஜூலை 20
ஈப்போவிலேயே, சிலிபின் பக்கம், சம்பந்தி நவமணி வீட்டில் வளைகாப்பு. மருமகன் தர்மேந்திரன் குடும்பம் இந்துக்கள், நாங்கள் கத்தோலிக்கர். கண்ணாடி வளையல்களைப் போன மாதம் நானே கேரனின் கையை அளந்து வாங்கினேன். என் அளவு தப்பாது. இன்று ஒன்றும் ஏறவில்லை. நவமணி சவுக்காரம் தடவி ஏற்றினார்.
"புள்ளத்தாச்சி கை லா, ஊதத்தான் செய்யும்!"
எல்லாரும் சிரித்தார்கள். பிரசவம்வரை கழற்றக் கூடாதாம்.
கேரனின் முகமும் உப்பியிருந்தது. நான் பார்த்தேன். சொல்ல வாயெடுத்தேன் — புருஷனை இழந்தவள் நான், நல்ல காரியத்தில் ஆஸ்பத்திரிப் பேச்சா? எனக்கு அந்த நம்பிக்கையெல்லாம் கிடையாது. பிறகு ஏன் சமையலறைக் கதவோரம் போய் நின்றேன்? யாரும் என்னை நிற்கச் சொல்லவில்லையே.

ஜூலை 21
தலைவலி என்றாள். படுத்தால் சரியாகிவிடும் என்றாள்.

ஜூலை 22
சரியாகவில்லை. "மம்மி, கண்ணு மங்குது." ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ரத்தக்கொதிப்பு ஏறிவிட்டது, இப்போதே பிள்ளையை எடுக்க வேண்டும் என்கிறார்கள். இன்னும் பத்து வாரத்துக்கு மேல் இருக்கிறது.
நர்ஸ் என்னிடம், "ஆன்ட்டி, வளையலைக் கழட்ட முடியல. கை ரொம்ப வீங்கிருச்சு. உடைக்கணும்."
"ஐயோ, உடைக்காதீங்கம்மா!" — நவமணி.
"உடைங்க," என்றேன். நான்தான் சொன்னேன்.
துணி சுற்றி உடைத்தார்கள். கதவைச் சாத்தினார்கள். செபமாலையில் எந்த மணியில் நிற்கிறேன் என்று தெரியவில்லை. மறுபடி முதலிலிருந்து. மறுபடியும். மாதாவே, வேறென்ன செய்யத் தெரியும் எனக்கு?

ஜூலை 23
பெண். ஒரு கிலோ. கேரன் இன்னும் கண் திறக்கவில்லை.

ஜூலை 26
"மம்மி" என்றாள்.

ஆகஸ்ட் 10
பிள்ளை இருக்கும் வார்டுக்குள் தாய் தகப்பனுக்கு மட்டும்தான் அனுமதி. நான் நடைபாதை பெஞ்சில். பேத்திக்கு மூச்சு விடுவதே வேலையாம். காலில் போட்ட பெயர்ப் பட்டை கழன்று கழன்று விழுகிறதாம்.
பக்கத்தில் உட்கார்ந்திருந்த நவமணி, "சம்பந்தி, நான்தானே சவுக்காரம் போட்டு ஏத்தினேன்," என்றார்.
நானும் பார்த்துக்கொண்டுதானே நின்றேன்?

செப்டம்பர் 14
பிள்ளை வீட்டுக்கு எப்போது என்று டாக்டர் சொல்லவில்லை. கேட்பதை நிறுத்திவிட்டேன்.
மதியம் கேரன் வார்டிலிருந்து வந்து உள்ளங்கையை விரித்தாள். பிளாஸ்டிக் பெயர்ப் பட்டை, நடுவில் வெட்டுப்பட்டு.
"பிள்ளை கால்ல இறுகிப்போச்சு மம்மி. நர்ஸ் வெட்டிட்டு பெருசா வேற போட்டாங்க."
வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நவமணியிடம் கொடுத்தேன். அவர் திருப்பித் தரவில்லை. நானும் கேட்கவில்லை.