மஹீராவின் முகம்

பூந்தமல்லி,
வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிந்து.

அன்பு மகள் அதீபாவுக்கு அத்தா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நீயும், நீ சுமக்கும் பிள்ளையும், மாப்பிள்ளை ராஷிதும் டப்ளின் குளிரில் சுகமாயிருக்க இங்கே எங்கள் துஆ. உன் தங்கை மஹீராவும் இப்போது சுகம், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பயப்படாமல் படி. பெண் குழந்தை, கொஞ்சம் முன்னாடியே பிறந்துவிட்டது என்று மட்டும்தான் போனில் சொன்னோம். மீதியைச் சொல்ல ஆரம்பித்தாலே உன் அம்மா அழுதுவிடுகிறாள், அதனால்தான் எழுதி உன் போனுக்கு அனுப்புகிறேன்.

தலைப்பிரசவத்துக்கு வந்தவள் எட்டாம் மாதம் வரை நன்றாகத்தான் இருந்தாள். ஒரு காலை நான் டீ குடித்துக்கொண்டிருந்தபோது உள்ளறையிலிருந்து ஒரு பெண் வந்தாள். யாரோ விருந்தாளி என்று எழுந்தே நின்றுவிட்டேன் மகளே. ஏன் அத்தா இப்படிப் பாக்குறீங்க என்று கேட்டாள், குரல் மஹீராவுடையது, முகம் அவளுடையது இல்லை. இமைகள் பருத்து, கண்கள் சிறுத்து, கன்னம் மெழுகு பூசியதுபோல் பளபளத்தது. சாயங்காலத்துக்குள் வற்றிப் பழையபடி ஆகிவிட்டாள், மறுநாள் விடிந்ததும் திரும்பவும் அந்த வேற்றுப்பெண். உன் அம்மா அவள் காலைப் பிடித்துவிட்டபோது கட்டைவிரல் அழுந்திய குழி எழும்பவே இல்லை. கழிவறையில் சோப்பு நுரைபோல் நுரை, தண்ணீர் ஊற்றினாலும் கலையவில்லை, சோப்பே போடலம்மா என்கிறாள் இவள். எதிர்வீட்டுப் பூங்காவனம் எட்டிப் பார்த்து உன் அம்மாவிடம், இன்னா ஜமீலா, பொண்ணு மொகமே வேற ஆளு மாரி கீது, காத்து கருப்பு எதுனா பட்டுச்சா என்று கேட்டுவிட்டுப் போனாள். உன் அம்மா அன்றே ஓதிய தண்ணீர் வாங்கி வந்து தெளித்தாள்.

மதியம் சாப்பிட உட்கார்ந்த மஹீரா தலையைப் பிடித்துக்கொண்டு, அத்தா, கதவாண்ட யாரோ நிக்கிறாங்க, ஒடம்பெல்லாம் மின்னுது என்றாள். வாசலில் வெயில் மட்டும்தான் இருந்தது. என் வாய் தானாக, ஷைத்தானை விரட்டும் ஆயத்துல் குர்ஸீ வசனத்தை ஓத ஆரம்பித்துவிட்டது. கணவனைக் கூப்பிடலாம் என்று அவள் போனை எடுத்து முகத்துக்கு நேரே காட்டினாள், அது திறக்கவில்லை. திரும்பத் திரும்பக் காட்டினாள். அந்தக் கருவிக்கு ஜின்னும் தெரியாது கருப்பும் தெரியாது, அதற்கே இவளை அடையாளம் தெரியவில்லை. உன் அம்மா தர்காவுக்குப் போகலாம் என்றாள், நான் ஆட்டோவை ஆஸ்பத்திரிக்கு விடச் சொன்னேன்.

அங்கே பிரஷர் எகிறிக் கிடந்தது, சிறுநீரில் புரதம் கொட்டிக்கொண்டிருந்தது. டாக்டர் வர்ஷா சின்னப் பெண்தான், நின்று நிதானமாகச் சொன்னார். சிறுநீரகத்துக்குள் நூலைவிட மெல்லிய இரத்தக்குழாய்கள் சுருண்டு கிடக்குமாம். அவற்றின் உட்சுவர் ஒரே அடுக்கு செல்தானாம், அதில் கண்ணுக்குத் தெரியாத சன்னல்கள், மேலே கூழ்போல ஒரு போர்வை. தண்ணீரும் உப்பும் வெளியே போகும், புரதம் இரத்தத்திலேயே தங்கிவிடும். அந்தச் சுவர் உயிரோடிருக்கச் சிறுநீரகமே ஒரு சத்தைச் சுரக்கிறதாம். சில பெண்களுக்கு நஞ்சுக்கொடியிலிருந்து ஏதோ ஒன்று தாயின் இரத்தத்தில் கலந்து அந்தச் சத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. உடனே சுவர் வீங்கிச் சன்னல்கள் கெட்டு, புரதம் ஒழுகுகிறது, உடம்பில் நீர் கோத்துக்கொள்கிறது. நுரையும் அதுதான், முகமும் அதுதான். மூளைப்பக்கத்துக் குழாய்களும் கெட்டதால்தான் அந்த மின்னல் என்றார். நாங்கள் வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தபோது அவளுக்குள்ளே ஒரு சுவர் ஓசையில்லாமல் கரைந்துகொண்டிருந்திருக்கிறது அதீபா. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் வலிப்பு வந்திருக்கும், குழந்தையை எடுத்தால்தான் தாய் பிழைப்பாள் என்றார். கையெழுத்துப் போட்டேன். உள்ளங்கையளவு பிள்ளை, கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள், இப்போது தாய்ப்பால் குடிக்கிறது. மஹீராவின் முகம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் திரும்பியது. ஒவ்வொரு காலையும் யார் கண் விழிக்கப்போகிறாள் என்று கட்டிலருகே உட்கார்ந்திருந்தேன்.

இப்போது நான் எழுத வந்த காரணம். தங்கைக்கு வந்தால் அக்காவுக்கும் வர வாய்ப்பு அதிகம் என்று டாக்டர் சொன்னார். நேற்று வீடியோவில் உன்னைப் பார்த்து, பிள்ளை முகம் எப்படி நிறைஞ்சிருக்கு பாருங்க என்று உன் அம்மா பூரித்துப்போனாள். என்னால் சிரிக்க முடியவில்லை. மோதிரம் இறுகுகிறது என்று நீயும் சிரித்துக்கொண்டே சொன்னாய். இதைப் படித்ததும் கோட்டு மாட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு, பிரஷர் பார், சிறுநீரைச் சோதிக்கச் சொல், தங்கைக்கு வந்ததையும் மறக்காமல் சொல். முடிவு தெரிந்ததும், எந்த நேரமானாலும் சரி, கூப்பிடு. அல்லாஹ் உன்னையும் உன் பிள்ளையையும் காப்பானாக.

போனைக் கையிலேயே வைத்திருக்கும்,
உன் அத்தா
ஷஃபியுல்லா